ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எங்கள் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை காபி நன்றாக இருக்காது. மற்ற நாட்களில் சமையல்காரர் மனசு வைத்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்கள் வரும் நாள். இருபத்தாறு பேரைப் பார்க்க ஐம்பது பேர் வருவார்கள். வந்த பத்தாவது நிமிஷம் என்ன பேசுவதென்று தெரியாமல் அத்தனை பேரும் காபி கேட்பார்கள். அவரும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போவார். நேற்று நீங்கள் எனக்கு வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்தபோது அந்த ஞாபகம்தான் வந்தது. குறையாகச் சொல்லவில்லை, மேடம்.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். பத்தொன்பது வருஷம் ஹெட் சிஸ்டராக இருந்து, ஒரு நாளுக்கு மூன்று பதிவேடு எழுதிப் பழகிய கை இது. அடித்தல் திருத்தல் இருக்காது. என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று உங்கள் உதவியாளரே சொன்னார்.

எங்களுடையது மறதி நோய் வந்தவர்களுக்கான இல்லம். ஊரில் எல்லாரும் அதை ஏதோ தூங்குமூஞ்சி இடம் என்று நினைக்கிறார்கள். அங்கே ஏற்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. சாப்பாட்டுத் தட்டுகள் எல்லாம் சிவப்பு, ஏனென்றால் வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சாப்பாடு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. வெளியே போகும் கதவில் புத்தக அலமாரி மாதிரி படம் வரைந்திருக்கும். கதவு என்று தெரிந்தால் அதன் முன்னால் நின்று நாள் முழுக்கத் தட்டுவார்கள். அறைகளில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. உள்ளே யாரோ ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள், போகச் சொல்லுங்கள் என்று பயப்படுவார்கள். ஊழியர் குளியலறையில் மட்டும் ஒரு கண்ணாடி உண்டு. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு அறிவிப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வாய்கூட ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, கண் திறந்து, பதில் சொன்ன பிறகே ஊட்டவும்." அது என் கையெழுத்து. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். தூக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொண்டை எதையும் தடுக்காது. சாப்பாடு நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

எக்ஸ்சேஞ்ச் அம்மா எங்களிடம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் என்பதால் அந்தப் பெயர். வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க" என்றார். நானும் இருந்தேன். அன்றைக்கு இருந்த வேலையில் கால் மணி நேரம் அப்படி நின்றதுதான் எனக்குக் கிடைத்த ஓய்வு. பிறகு ஒயரைச் செருகுவது மாதிரி போர்வை ஓரத்தை நாற்காலி இடுக்கில் செருகிவிட்டு, "இப்ப பேசுங்க" என்றார். அவரைப் பிடிக்காமல் போக யாராலும் முடியாது.

அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல், மெதுவாகச் சொல்வது என்றால் என்னவென்றே தெரியாது. வீடு மூன்றாவது மாடியில், லிப்ட் இல்லை. அம்மா மூன்று தடவை வீட்டை விட்டுப் போயிருக்கிறார். மூன்றாவது தடவை, எக்ஸ்சேஞ்ச் இருந்த கட்டடத்தில் இப்போது இருக்கும் செருப்புக் கடைக்குள் போய், தன்னுடைய ஷிப்ட் எப்போது என்று கேட்டுக்கொண்டு நின்றாராம். கடைக்காரர் நல்ல மனிதர், உட்கார வைத்து மகளுக்குப் போன் செய்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் எங்களிடம் கொண்டு வந்தாள். கொண்டு வந்த அன்று, விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் வாசலுக்கும் அறைக்கும் நாலு தடவை நடந்தாள்.

சேர்க்கும்போது 'என்னைப் பற்றி' என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இது நல்ல பழக்கம், எல்லா நல்ல இல்லங்களிலும் உண்டு. உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், எது பயம், எது பிடிக்கும், அழுதால் எது சமாதானப்படுத்தும், யாரைத் தேடுவீர்கள். இரண்டு பக்கம். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைப்போம், ஊட்டுகிறவரும் குளிப்பாட்டுகிறவரும் படித்துவிட்டுப் பழகுவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து வரி எழுதிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இந்த மகள் இரண்டு மணி நேரம் பேசினாள். எனக்குக் கூடுதல் காகிதம் தேவைப்பட்டது. பிறகும் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று நானே போன் செய்து கேட்டேன். மூன்று வாரம், தினமும். இவ்வளவு அக்கறையா என்று அவள் போனிலேயே அழுதுவிட்டாள்.

அவள் பிறந்தபோது செருப்புப் பெட்டிக்குள் அடங்கும் அளவு இருந்தாளாம். அதனால் சுண்டு என்று பெயர். இடது பக்கம் வகிடு எடுத்துத்தான் அம்மா தலை வாரிவிடுவார். ஆறு வயதில் கேட் மேலே ஏறி ஆடி விழுந்து மோவாயில் நாலு தையல். அம்மா அப்போது ஷிப்டில் இருந்தார், லைனை விட்டு எழுந்து வர முடியவில்லை. அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், கட்டைவிரலால் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை. அவளுக்குக் கல்யாண வயசு ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லையாம். இதை மட்டும் தனி வரியாக எழுதி அடிக்கோடு போட்டேன்.

என் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அது இதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் அம்மா அண்ணன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். ஞாபக சக்தி அபாரம், எந்த வருஷம் யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பது வரை சொல்லுவார். நான் மூன்றாவது பெண். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் பெரிய அக்கா பெயர், பிறகு சின்ன அக்கா பெயர், அதற்குள் நானே போய் நின்றுவிடுவேன். எந்த நோயும் இல்லாமலே அப்படி. எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது.

எக்ஸ்சேஞ்ச் அம்மா வந்த இரண்டாவது மாதம். ஒரு காலை அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, "சுண்டு" என்றார். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது என்னவென்றால், அவர்கள் சொல்வதை மறுக்காதே, திருத்தாதே, அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீ போ. செத்துப்போன புருஷன் எங்கே என்று கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். அதுவரைக்கும் "சொல்லுங்கம்மா" என்று பேசிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு "சொல்லும்மா" என்றேன்.

"சாப்பிட்டியாடி?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன்மா."

"பொய் சொல்ற. மூஞ்சி வாடிக் கிடக்கு."

உண்மையில் நான் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. அதைக் கண்டுபிடித்துக் கேட்டவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். மறுநாளிலிருந்து நான் நடு வகிட்டை விட்டுவிட்டு இடது பக்கம் வகிடு எடுத்தேன். அது சிகிச்சையின் ஒரு பகுதி. நோயாளிக்கு நிம்மதி தரும் எதையும் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி ஞாயிற்றுக்கிழமை விஷயம். அந்த மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர முடியும். வந்தால் மூன்று மணி நேரம் சத்தமும் சிரிப்பும். கிளம்பும்போது அம்மா அவள் துணியைப் பிடித்துக்கொண்டு, நானும் வருகிறேன் என்று அழுவார். அவள் போன பிறகு புத்தக அலமாரிக் கதவுக்கு முன்னால் நின்று கையால் அடிப்பார். படம்தான் என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. ஒரு தடவை விரல் வீங்கிவிட்டது. இது பதிவேட்டில் இருக்கிறது, நீங்கள் பார்க்கலாம். இல்லத்துக்கு வரும் டாக்டர், பதற்றம் இருந்தால் தேவைக்கேற்ப ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். தேவையை முடிவு செய்ய வேண்டியது நான்.

முதல் இரண்டு வாரம் மகள் போன பிறகு கொடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். காய்ச்சல் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே மருந்து கொடுப்பதில் என்ன தப்பு? அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அரை மாத்திரை கொடுத்தேன். அழுகை குறைந்தது. பிறகு ஒரு மாத்திரை. அழுகை சுத்தமாக நின்றது. பிறகு ஒன்றரை.

எங்களிடம் உதவிக்கு ஒரு பெண் இருக்கிறாள், முன்பல் இடைவெளியில் காற்று போகும், அதனால் விசில் என்று கூப்பிடுவோம். நல்ல பெண்தான், வாய்தான் நீளம். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"சிஸ்டர், இப்பதான நல்லா பேசிட்டு இருந்தாங்க. எதுக்கு மாத்திரை?"

"சாயங்காலம் அவங்க கதவுல கையை உடைச்சுக்கிட்டா நீ பதில் சொல்லுவியா?"

அவள் போய்த் தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மகள் வரும் நேரத்துக்கு அம்மா நாற்காலியில் சரிந்து, வாய் திறந்து, கன்னத்தில் எச்சில் வழிய இருப்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் கதையெல்லாம் சொல்லுவாள். அந்தப் பெரிய குரல் வாரத்துக்கு வாரம் சின்னதாகிக்கொண்டே வந்தது. துணிகூட அவளே கொண்டுவந்து துடைப்பாள். ஒரு நாள் என்னை வராந்தாவில் நிறுத்தினாள்.

"சிஸ்டர், உண்மையைச் சொல்லுங்க. அம்மா என்னை மறந்துட்டாங்களா?"

"நோய் அப்படித்தான்மா. கடைசியா வந்தது முதல்ல போகும்பாங்க, சில பேருக்குப் பெத்த பிள்ளைங்க முகமே முதல்ல போயிடும். நீங்கதான் மனசைத் தேத்திக்கணும்."

"நான் வர்றதே அவங்களுக்குத் தொந்தரவோன்னு தோணுது."

"அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வராத வாரம் கொஞ்சம் அமைதியாத்தான் இருந்தாங்க."

அவளுக்கு நானே காபி கொண்டுவந்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காபி. அவள் அதைக் கையிலேயே வைத்திருந்து ஆற விட்டுவிட்டாள். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்தாள். பிறகு மாதம் ஒரு தடவை. என்னைத் திட்டாதீர்கள் மேடம், நான் யாரையும் வராதே என்று சொன்னதில்லை.

மற்ற நாட்களில் எக்ஸ்சேஞ்ச் அம்மா எவ்வளவு நன்றாக இருந்தார் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நானும் அவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து போர்வை மடிப்போம். அவருக்கு என் மேல் கோபம் வரும், என்னைத் திட்டுவார், பிறகு சமாதானம் செய்வார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு உரிமையோடு திட்டியதில்லை. என் விடுமுறை நாட்களிலும் போனேன். அதற்குச் சம்பளம் வாங்கவில்லை.

ஒரே ஒரு குறை இருந்தது. அவருடைய கட்டைவிரல். பேசிக்கொண்டே இருக்கும்போது அது என் மோவாய்க்கு வரும். தடவும், ஒன்றும் அகப்படாது. இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி என் முகமெல்லாம் தேடும். பிறகு அவர் முகம் மாறிவிடும். "ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அன்றைக்கு முழுவதும் என்னோடு பேச மாட்டார், சாப்பிடவும் மாட்டார். ஒரு நோயாளி இப்படிக் கஷ்டப்படுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

மருந்து அலமாரிக் கதவு பட்டு மோவாயில் காயம் என்று விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு இருக்கும். பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதிய பொய் அந்த ஒன்றுதான், அதை இங்கே திருத்திக்கொள்கிறேன். ஊழியர் குளியலறையில் செய்தேன். படிவத்தோடு மகள் கொடுத்திருந்த போட்டோவைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று என் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் செய்தேன். அவசரப்படவில்லை. மூன்று தையல் போட்டார்கள். அவளுக்கு நாலு, அதைத் தவிர வித்தியாசம் இல்லை என்று அப்போது நினைத்தேன். விசில் மட்டும், "கதவு பட்டா இவ்ளோ நேராவா கிழிக்கும்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காயம் ஆறிய பிறகு அவர் கையைப் பிடித்து நானே அந்த இடத்தில் வைத்தேன். விரல் முதலில் மறு பக்கம்தான் போனது. நான் திருப்பி வைத்தேன். தடவிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "வலிச்சுதாடி? என்னால வர முடியலடி, லைன் விட முடியல" என்றார். பரவாயில்லைம்மா என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை தையல் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி.

அதன் பிறகு ஏழு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை.

போன வாரத்துக்கு முந்தின வாரம் புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து, பிள்ளைகளைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகளுக்கு ஒரு நாள் கிடைத்தது. யாருக்கும் சொல்லாமல் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்துவிட்டாள். பதினொரு மணி இருக்கும். நான் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் தலையை வாரிக்கொண்டிருந்தார். இடது பக்கம் வகிடு. "சுண்டு, அசையாம உக்காரு. உன் அவசரத்துக்கு வகிடு கோணலா போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார், தெளிவாக.

வாசலில் பை விழுந்தது. ஆரஞ்சு ஒன்று உருண்டு என் முழங்காலில் வந்து முட்டியது.

"அம்மா?" என்றாள். அந்தப் பெரிய குரலில் அல்ல.

அம்மா சீப்பைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அவள் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. அம்மாவின் கட்டைவிரல் நேராக அவள் மோவாய்க்குப் போனது. தேடவே இல்லை. போன இடத்திலேயே தழும்பு இருந்தது. அவளுடையது இடது பக்கம். என்னுடையது வலது. கண்ணாடியில் தெரியும் முகத்தையும் போட்டோவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பக்கம் மாறிப்போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த முழு விவகாரத்திலும் நான் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லுவேன்.

"வந்துட்டியா? இவ்ளோ நேரம் எங்கடி போன?" என்று கேட்டார் அம்மா.

அவள் அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். அம்மா அவள் முகத்தைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதையாக, வேலை செய்கிறவரிடம் சொல்லும் குரலில் சொன்னார்.

"சிஸ்டர், என் பொண்ணு வந்திருக்கா. ஒரு காபி கொண்டாங்களேன்."

கொண்டுவந்தேன். புதன்கிழமை என்பதால் நன்றாக இருந்திருக்கும்.

மகள் முட்டாள் இல்லை. என் வகிட்டைப் பார்த்தாள், என் மோவாயைப் பார்த்தாள். மருந்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். குடும்பத்தார் கேட்டால் காட்ட வேண்டும் என்பது விதி, காட்டினேன். மாத்திரை கொடுத்த ஒவ்வொரு நாளையும் நேரத்தையும் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். பத்து மணி, ஞாயிறு. பத்து மணி, ஞாயிறு. அவள் வந்த ஞாயிறு மட்டும். அவள் விரலை வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்தாள். முடித்ததும் சொன்னாள்.

"கீழ் வீட்ல ரெண்டு ரூம் காலியா இருக்கு. சனிக்கிழமையில இருந்து ஸ்கூல் லீவு. பத்து மணிக்கு வருவேன், அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அது வரைக்கும் நீங்க அவங்க பக்கத்துல போகக் கூடாது."

சுவரெல்லாம் அதிர்கிற மாதிரிக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் சொன்னாள். என்னிடம் சொன்ன கையோடு மேலாளரிடமும் சொன்னாள். மேலாளர் தலையைத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, ஆள் பற்றாக்குறை என்பதால், மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்தப் பகுதியை என்னிடமே கொடுத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அட்டவணை போடுவது சுலபமான வேலையில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். காலை பதினொன்றரைக்கு நாலு மாத்திரை, பொடி செய்து, மசித்த ஆப்பிளில் கலந்து கொடுத்தேன். விரும்பிச் சாப்பிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தலை தொங்கிவிட்டது. கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்துப் போகும் வரை காத்திருந்தேன். படுக்கை விரிப்புகளை உருவச் சொல்லி விசிலை மாடிக்கு அனுப்பினேன். அவர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனேன். அந்த அறிவிப்புக்கு நேர் கீழேதான், வேறு இடம் காலியாக இல்லை. சிவப்புத் தட்டில் அரைத்த சாப்பாடு. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. கண் திறக்கவில்லை. ஊட்ட ஆரம்பித்தேன்.

நிதானமாகத்தான் ஊட்டினேன். என்னைப் போல நிதானமாக ஊட்டுகிறவர்கள் அங்கே யாரும் கிடையாது, விசிலைக் கேட்டால் அவளே சொல்லுவாள். ஆறாவது கரண்டியில் இருமினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊட்டினேன். பதினைந்தாவது கரண்டிக்குப் பிறகு இருமல் நின்றுவிட்டது. தட்டைக் காலி செய்தேன். வாயைத் துடைத்து, அவருக்குக் கட்டியிருந்த ஏப்ரனை மாற்றி, தலையை வாரிவிட்டு, அதற்குப் பிறகு மணியை அடித்தேன். எழுதுவதைச் சரியாக எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த அறிவிப்பை எழுதியவளே நான்தான். அவரைக் கொன்றது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

மகளிடம் கொடுத்துவிடக் கூடாது என்ற பொறாமையா என்று கேட்டீர்கள். இல்லை. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. சொல்லப்போனால் வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் அவரை அனுப்பி வைக்கத்தான் நான் தயாராக இருந்தேன். அவருடைய துணிகளைத் துவைத்து, மடித்து, பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். படிவத்தையும் அலமாரிக் கதவிலிருந்து கிழியாமல் உரித்து எடுத்து மேலே வைத்திருந்தேன். பெட்டியை நீங்களே திறந்து பார்த்தீர்கள்.

அன்று காலை பத்து மணிக்கு, கடைசியாக ஒரு தடவை தலை வாரிவிடச் சொல்லலாம் என்று அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். "அம்மா, சுண்டு வந்திருக்கேன்" என்றேன். அவர் கட்டைவிரல் என் மோவாய்க்கு வந்தது. இடது பக்கம் போனது. நான் அதைப் பிடித்து வலது பக்கம் வைத்தேன். அவர் கையை உருவிக்கொண்டார். இரண்டு வருஷமாக நான் கழுவித் துடைத்து நகம் வெட்டிய கை. என் முகத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீ யாரும்மா?" என்றார். "என் பொண்ணு எங்க? நீ ராங் நம்பர்மா, வச்சிடு."

பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேரை அந்த நிலையில் பார்த்திருக்கிறேன், மேடம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நோய் முற்றிவிட்டது. பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை. அதற்கு மேல் அவரை அவதிப்பட விடக் கூடாது என்று தோன்றியது.